ரோலர் அண்ணையும் எதிர்க்கதவு அக்காவும்

எங்கள் தொடர்மாடியில் எதிர்க்கதவு அக்காவிடம் மட்டும் யாரும், "இந்தச் சாறி எனக்கு எப்படி?" என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

நான் இரண்டு தடவை கேட்டவள். முதல் தடவை ஆளைத் தெரியாமல். இரண்டாவது தடவை, முதல் தடவை ஏதோ எரிச்சலில் சொல்லியிருப்பார் என்று நினைத்து. இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

"நிறம் வடிவு. உமக்கில்லை."

அக்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இப்போது அவர் அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் தன் அண்ணனோடு இருக்கிறார். இதைப் படித்தாரென்றால், எந்தெந்த வரியில் நான் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று இலக்கம் போட்டு அனுப்புவார். ஆகவே முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்: நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் வேறு என்ன செய்வது? வருகிற ஒவ்வொருத்திக்கும், "ஐயோ, நீங்கள் மெலிஞ்சு போனீங்கள்" என்று சொன்னால்தான் அடுத்த முறையும் வருவார்கள்.

ஒருநாள் ஒரு கலியாணப் பொம்பிளைக்கு அளவெடுத்துக்கொண்டு, வழக்கம்போல, "இடுப்பு அப்பிடியே இருக்கு, ஒரு நூலும் கூடேல்ல" என்றேன். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து என் கத்தரிக்கோலால் ஒரு கடித உறையை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவேயில்லை.

"நாடா ரெண்டு அங்குலம் கூடக் காட்டுது."

அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைப் பறித்துவிட்டேன். கலியாணத்தன்று பிளவுஸ் கச்சிதமாகப் பொருந்தியது, அந்தப் பிள்ளை பிறகு தன் மூன்று மச்சாள்மாரையும் அனுப்பியது, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த கோபமும் உண்மை.

அக்காவின் தொழிலே அப்படி. கொழும்பில் புதுக்கடைப் பகுதியில், நீதிமன்றங்களுக்கு முன்னால் ஒரு சந்துக்குள், வழக்கறிஞர் ஒருவரின் கந்தோரில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, காணி உறுதி எல்லாவற்றையும் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, அடியில் முத்திரை குத்திக் கொடுப்பார். ஒரு நாள் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தபோது கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று பொரிந்துகொண்டிருந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றுப்பட்டு ஒரு சொல் அழிந்திருந்தது. அக்கா அந்த இடத்தில், "இங்கே ஒரு பழுப்பு நிறக் கறை, அதன் கீழுள்ள சொல் வாசிக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்.

"கறையையும் ஏன் மிஸ் மொழிபெயர்த்தனீங்கள்?"

"கிடந்ததை எழுதினன்."

"அது 'விவசாயி' எண்ட சொல்லு மிஸ். எங்கட அப்பாவின்ர தொழில் எனக்குத் தெரியாதே?"

"உங்களுக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தேன். அவருக்கு வீசா கிடைத்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒரு மனிசி வீட்டில் என்ன வைத்திருப்பார் என்று நினைப்பீர்கள்? நானும் அகராதியும் சட்டப் புத்தகமும்தான் என்று நினைத்திருந்தேன். குடிவந்த புதிதில் ஒருநாள் தொலைபேசியில் அவர், "அவர் நாளைக்கு ஜப்பானில இருந்து வாறார்" என்று யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. சும்மா இருக்க என்னால் முடியுமா? மறுநாள் பின்னேரம் ஒரு தட்டில் உழுந்துவடை சுட்டு எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன், மாப்பிள்ளை பார்க்கிற ஆசையில். அக்கா கதவைத் திறந்தார். மேசையில் ஒரு பார்சல் பிரித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு சாண் உயரத்தில், நீல நிறத்தில், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்ரிக் ரோபோ நின்றது.

"இவர்தான்" என்றார் அக்கா.

வடையை நானும் அக்காவும் சாப்பிட்டோம்.

அந்த ரோபோவின் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். அக்கா கொட்டாஞ்சேனையில் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் போகுமாம். அதில் ரோபோக்கள் காராகவும் விமானமாகவும் மாறி மாறி அடிபடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைவன் ரோபோவில் பைத்தியம், அக்காவுக்கு மட்டும் இந்த ஆளில். இந்த ஆள் மாறுவது என்னவாகத் தெரியுமா? தார் ரோட்டை அமத்துகிற ரோலராக. முழுக் கதையிலும் மூன்றே மூன்று தடவைதான் வருவாராம். ரோலர் என்ன வேகத்தில் போகும்? அவர் வந்து சேருகிற நேரம் சண்டை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சண்டையில் உடைந்த ரோட்டை அமத்திச் சரிப்படுத்திவிட்டுப் போவாராம். மூன்று தடவையும் இதேதான்.

"இதில என்ன அக்கா இருக்கு? ஒரு அடிகூட அடிக்கேல்லையே மனுசன்."

"அடிச்ச ஆக்கள் ஒருத்தரும் ரோட்டைப் போட்டுக் குடுக்கேல்ல. மூண்டு தரமும் பாத்தனான்."

பெட்டியில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு முரட்டுப் பெயர் இருந்தது. அது என் வாய்க்குள் நுழையவில்லை. அதனால் நான் அவரை "ரோலர் அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினேன். அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "உமக்கு அவர் மூத்தவர் எண்டு எங்க சொல்லியிருக்கு?" என்று கேட்டார். பிறகு பெட்டியின் அடியில் தயாரித்த வருடத்தைத் தேடிப் பார்த்தார். நான் பிறந்ததற்கு ஒரு வருடம் முந்தியது. "அப்ப சரி, கூப்பிடலாம்" என்று அனுமதி தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அலுமாரிக் கண்ணாடியைத் திறந்து நீலமும் முன்னமே இருந்த மஞ்சளுமாக இரண்டு ரோலர் அண்ணைமாரையும் ஒவ்வொருவராக எடுத்து ரோலராக மாற்றுவார், அடுத்த ஞாயிறு மறுபடி மனுசனாக. முன்னுருளை நெஞ்சாகும், பின்சக்கரங்கள் தோளில் ஏறும், சாரதி இருக்கிற கூண்டுக்குள்ளிருந்து தலை வரும். "மடக்காமல் வச்சா முழங்கால் இறுகிப்போம்" என்பார். எனக்கும் ஒருநாள் கையில் தந்தார். நான் காலைக் கையென்று நினைத்துத் திருக, கிளிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தரவில்லை.

விளையாட்டுச் சாமான் சேர்க்கிறவர்களின் உலகம் ஒரு தனி உலகம். அதை எனக்கு விளங்குகிற மாதிரி அக்கா ஒருமுறை சொன்னார். ரோலர் அண்ணையை அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருவரும் வாங்கவில்லை, அதனால் கம்பெனி அவரைக் கொஞ்சமாகத்தான் செய்தது. மஞ்சள் எங்கேயும் தேடினால் கிடைக்கும். நீலம் ஜப்பானில் மட்டும் விற்றது. பச்சை அருமை. சாம்பல் நிறத்தை விற்கவேயில்லை. பரீட்சித்துப் பார்க்க என்று தொழிற்சாலையில் செய்தவை கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, இப்போது வைத்திருக்கிறவர்கள் காசுக்குக் கொடுக்கவே மாட்டார்களாம். அக்காவிடம் மஞ்சளும் நீலமும் இருந்தன. மற்ற இரண்டையும் எப்போது பார்ப்பேனோ என்று சொல்லும்போது, அந்த மனிசியின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு ஆசை தெரிந்தது.

பச்சை கிடைத்தது புறக்கோட்டையில். நான் பிளவுஸுக்கு லேசும் கொக்கியும் வாங்கப் போகும்போது அக்காவும் கூட வருவார், பழைய விளையாட்டுச் சாமான் கடைகளை விசாரிக்க. ஒரு குறுக்குத் தெருவில், தகப்பன் காலத்திலிருந்து மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை. அக்கா படத்தைக் காட்டியதும் நானா கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"இந்த மாதிரி ஓடாத சாமான் ரெண்டு மூணு மேல் தட்டுல ஈக்கி. வாப்பாட காலத்துச் சரக்கு."

ஏணி வைத்து இறக்கினார்கள். தூசுக்குள்ளே இரண்டு பெட்டி. இரண்டும் ஒட்டுப் பிரியாமல் அப்படியே. இரண்டும் பச்சை. அக்கா கையாலேயே தூசைத் துடைத்தார்.

"ஒண்டுட காசைத் தந்துட்டு ரெண்டையும் கொண்டு போங்க. எனக்கு இடம் மிச்சம்" என்றார் நானா.

நான் அக்காவின் காலை மிதித்தேன். வாயைத் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவரை அவ்வளவு தெரியும். திறந்தார்.

"நானா, இது வெளிநாட்டில நல்ல விலை போகும். உங்களுக்குத் தெரியாது எண்டு நினைக்கிறன்."

நானா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க எப்பவும் இப்பிடித்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"எப்பவும்" என்றேன்.

நானா சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே ஒரு வெல சொல்லுங்க தங்கச்சி" என்றார். அக்கா கைப்பையில் இருந்த அத்தனையையும் கொடுத்துவிட்டார். ஓட்டோவுக்குக் காசில்லாமல், ஆளுக்கொரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சனம் நெரிகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வெள்ளவத்தை வந்து சேர்ந்தோம். வழி முழுக்க நான் ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஒரு பெட்டியை அன்றைக்கே பிரித்து, பச்சை அண்ணையை அலுமாரியில் ஏற்றினார். மற்றப் பெட்டியைத் தொடவில்லை. அது சாம்பலுக்கு. ஒல்லாந்தில் ஒரு வயதான மனிதரிடம் இரண்டு சாம்பல் இருந்தன. அக்கா அவருக்கு இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிரிக்காத பச்சை ஒன்று தந்தால் ஒரு சாம்பல் தருவேன் என்று கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். பிரிக்காதது என்பதுதான் ஒப்பந்தம். அவரும் அக்காவைப் போல விட்டுக்கொடுக்காத ஒரு கட்டைதான் போலிருக்கிறது.

இனித்தான் நான் செய்த திருவிளையாடல்.

அது நவராத்திரி. அக்கா ஒரு வழக்குக்காகத் திருகோணமலை போயிருந்தார். அவர் வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது. விஜயதசமிக்கு முதல்நாள் தொலைபேசி எடுத்து, "என்ர முத்திரையையும் அகராதியளையும் உங்கட வீட்டுப் பூசையில வச்சுவிடும்" என்றார். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைப்போம், என் மனுசனின் மோட்டார்சைக்கிளுக்கும் வைப்போம். நான் போய் முத்திரையை எடுத்தேன், அகராதிகளை எடுத்தேன். மேசையில் அந்தப் பெட்டி இருந்தது. ஒல்லாந்து போகத் தயாராக.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஓடுகிற சாமான். அதுவும் புதுசு. கடல் கடந்து போகப்போகிறது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விட்டால், போகிற வழியில் ஏதும் நடந்தால்? அக்கா எத்தனை வருடம் காத்திருந்தது. இதற்குத்தானே முதலில் பூசை செய்ய வேண்டும்?

அட்டையில் ஒட்டியிருந்ததைத் தையல் பிரிக்கிற கொக்கியால் மெல்ல மெல்லப் பிரித்தேன். ஒரு நார் கிழியவில்லை. ரோலர் அண்ணையை வெளியே எடுத்துச் சுவாமித்தட்டுக்கு முன்னால் வைத்தேன். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். உருளையில் மூன்று குறி திருநீறு. அதோடு நிறுத்தியிருக்கலாம். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, வைத்து நசிக்காமல் விடுவோமா? சின்னத் தேசிக்காயாகப் பொறுக்கி எடுத்து, ஆளைக் குப்புறச் சாய்த்து, அதை நெஞ்சில் இருந்த வெள்ளி பூசின உருளைக்குக் கீழே வைத்து, "பிள்ளையாரப்பா, பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினேன். அது வெடித்து, சாறு என் கண்ணிலும் அண்ணையின் நெஞ்சிலும் தெறித்தது. மனுசன் வாசலில் நின்று, "எடியே, என்ன கூத்திது?" என்று கேட்டார். "உங்களுக்கொண்டும் விளங்காது" என்றேன்.

மறுநாள் துடைக்கும்போதுதான் கண்டேன். சாறு நின்ற இடமெல்லாம் வெள்ளிப் பூச்சு தேமல் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. குங்குமம் பச்சை நெற்றிக்குள் ஊறிவிட்டது. சவர்க்காரம் போட்டேன், பற்பசை போட்டேன். தேய்க்கத் தேய்க்க நெற்றி பளபளவென்று வந்தது, சிவப்பு போகவில்லை.

அப்போதுதான், "ஒருக்காலும் பிரிக்காதது" என்று அக்கா எனக்குப் பத்துத் தடவை சொன்னது உறைத்தது. விசர் பிடித்தவள் மாதிரி நின்றேன். பிறகு என்ன செய்தேன் என்று கேளுங்கள். அண்ணையைப் பழையபடி பெட்டிக்குள் படுக்கவைத்து, பசையை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு ஒட்டினேன். இருபது வருடம் தைத்த கை. கம்பெனிக்காரன் வந்து பார்த்தாலும் தன் வேலை என்றுதான் சொல்வான். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. சொல்லுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அக்கா வந்தார். "பூசை எப்பிடி?" என்றார். "நல்லாப் போச்சு" என்றேன். இரண்டு நாள் எதிர்க்கதவுப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கதவு திறந்திருந்தது. அக்கா பெட்டியைச் சுற்றிக் கட்டத் தயாராக மேசையில் வைத்து, ஒல்லாந்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். "இந்தப் பெட்டி ஒருபோதும் பிரிக்கப்படவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறேன்." வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்தார்.

தன் கையால் ஒரு பொய்யும் எழுதாத மனிசி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் கையெழுத்து வைக்கிற முதல் பொய் என்னுடைய பொய்யாக இருக்கும். பேனை கடதாசியில் படுவதற்குள் கத்திவிட்டேன்.

"அக்கா, வையாதேங்கோ! அது நான் பிரிச்சிட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பேனையை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"தேசிக்காய் முழுசோ, பாதியோ?"

"முழுசு."

"எந்தப் பக்கம் உருளையில?"

"முன்னுக்கு."

"எத்தினை தரம் அமத்தினனீர்?"

"ஒருக்கா. இல்லை அக்கா, ரெண்டு தரம். முதல்தரம் வழுக்கிப் போச்சு."

"ஏன் செய்தனீர்?"

"ஓடுற சாமான். வழியில ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு..."

அதையும் எழுதினார். பிறகு இரண்டு தாளை என் பக்கம் தள்ளினார். "இது நீர் சொன்னது. வாசிச்சுக் கையெழுத்து வையும்." எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வாசிக்காமல் வைத்தேன். கையில் இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு அவர், "இப்ப வீட்ட போம்" என்றார். நான் வெளியே வந்ததும் பின்னால் கதவு மூடியது.

மறுநாள் படிக்கட்டில் ஒருக்கால் பிடித்துக் கெஞ்சினேன். "அக்கா, ஒட்டினது ஒருத்தருக்கும் தெரியாது. அந்தாள் கடைசிவரைக்கும் கண்டுபிடிக்காது. பிரிச்சது எண்டு எழுதினா சாம்பல் கிடைக்காதே."

"தெரியாது எண்டதும் எழுதியிருக்கு. 'ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலப்படவில்லை, வேலை மிகவும் நேர்த்தி' எண்டு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சில்லை. என் வாக்குமூலத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, முத்திரை குத்தி, கறை பட்ட இடங்களைப் படமெடுத்து, பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கடதாசிகளை மட்டும் ஒல்லாந்துக்கு அனுப்பினார் என்று பிறகு அறிந்தேன். படிக்கட்டில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்க்கதவுக்குள்ளே கிளிக், கிளிக் என்று அண்ணைமார் மடங்குகிற சத்தம் கேட்கும். நான் மெசினை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டு வருடம் ஒரு தட்டு சுண்டலைக்கூடப் பங்கு போடாமல் சாப்பிடாதவர்கள் நாங்கள். ஒரு தேசிக்காயால் சாம்பலும் போயிற்று, அக்காவும் போனார் என்று நினைத்து அழுதேன். பொய்யில்லை, கூட்டிச் சொல்லவுமில்லை. அழுதேன்.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டுப்பட்டது. அக்கா. கையில் ஒரு கடிதம்.

"பதில் வந்திருக்கு. உம்மைப் பற்றியும் கிடக்கு. நீர் கேக்கத்தான் வேணும்."

மெசினுக்கு முன்னால் என்னை இருத்திவிட்டு, நின்றுகொண்டே, கோர்ட்டில் சொல்கிற குரலில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"'அம்மணி, உங்கள் மூன்று பக்கங்களையும் நான்கு தடவை வாசித்தேன். தேசிக்காய் வருகிற பந்தியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இதன் பிறகு நான் பேசாமல் இருப்பது முறையில்லை. உங்களுக்குத் தருவதாகச் சொன்ன சாம்பல் நிறத்தவரின் வலது கை அவருடையதல்ல. சில வருடங்களுக்கு முன் என் கையிலிருந்து விழுந்து முறிந்தது. நீல நிறத்தவர் ஒருவரின் கையை எடுத்துச் சாம்பல் பூசிப் பொருத்தினேன். இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. உங்களிடமும் சொல்வதாக இருக்கவில்லை.'"

"அட, கள்ளா!" என்றேன்.

"குறுக்கிடாதையும். 'இதன் பிறகும் உங்களுக்குச் சம்மதம் என்றால், உங்கள் பச்சையை அவர் இருக்கிறபடியே அனுப்புங்கள், நான் என் சாம்பலை அவர் இருக்கிறபடியே அனுப்புகிறேன். ஒரு கேள்வி. கடல் தாண்டிய பிறகும் அந்தப் பூசை செல்லுபடியாகுமா?'"

"ஆகும் எண்டு எழுதுங்கோ அக்கா!"

"எனக்குத் தெரியாது எண்டுதான் எழுதுவன்" என்றார். கண் ஒருதடவை எதிர்க்கதவுப் பக்கம் போய் வந்தது. சாம்பல் வரப்போகிறது. இரவல் கையோடு என்றாலும் வரப்போகிறது. ஆனால் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. "'உங்கள் சிநேகிதிக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லுங்கள்.' முடிஞ்சுது."

நான் கன்னத்தைத் துடைத்தேன். "அந்தாளுக்கு ஆர் சொன்னது நான் உங்கட சிநேகிதி எண்டு?"

அக்கா எதிர்க்கதவுக்குள் போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். நான் கையெழுத்து வைத்த இரண்டு தாளுக்குப் பின்னால், நான் பார்க்காத மூன்றாவது தாள் ஒன்று இருந்தது. அது அவருடைய வாக்குமூலம். முதல் இரண்டு தாளிலும் வாக்குமூலம் அளித்த என்னுடைய பெயர், முகவரி, தொழில், எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே, "எனக்கும் இவருக்கும் உள்ள உறவு" என்ற இடத்துக்கு நேரே, "சிநேகிதி" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் திகதியும் போட்டிருந்தார். திகதியைப் பார்த்தேன். நான் அழுதுகொண்டு வெளியே வந்த அதே நாள். கதவை மூடிவிட்டு இருந்து எழுதியிருக்கிறார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்னோட கோவம்தானே?"

"ஓம். சரியான கோவம். இப்பவும் முழுக்கப் போகேல்ல."

"பிறகேன் இப்பிடி எழுதினனீங்கள்?"

விவசாயி என்று எழுதச் சொன்ன மனிதரைப் பார்த்தது போலவே என்னையும் பார்த்தார்.

"அந்த இடத்தில கோவமோ எண்டு கேக்கேல்லையே. உறவு என்ன எண்டுதானே கேட்டது."